சிலிகாவுக்கு வாய் திறந்த கதை



ஆறு கடலில் சேரும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கிற அந்த இடத்தில்தான் இறாலும் நண்டும் பலவகை மீன்களும் குஞ்சாக வளர்கின்றன. அது அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவில் உள்ள சிலிகா உப்பங்கழி நல்ல உதாரணம். கோடையில் சுமார் 900 சதுர கிலோமீட்டர், மழைக்காலத்தில் 1,100-க்கும் மேலே பரந்து கிடக்கிற நீர் அது. மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி, லூனா ஆறுகள் வடக்கிலிருந்து வந்து சேர்கின்றன. மேற்கே மலைச்சரிவு ஓடைகள்.

எல்லாமே தண்ணியோடு வண்டலையும் கொண்டுவந்து கொட்டின. கடலோர மணலும் நகர்ந்து வந்து வாயை அடைத்தது. கடல் நீர் ஏறி வரும் கால்வாய் நீண்டு, தூர்ந்து போச்சு. உப்பு குறைஞ்சதும் நாணலும் களைச்செடிகளும் மண்டின. கடலிலிருந்து மீன் குஞ்சு எந்த வழியாக உள்ளே வரும்? 1993-ல், ஆபத்தில் உள்ள நீர்நிலைகளின் உலகப் பட்டியலில் சிலிகாவைச் சேர்த்தார்கள்.

மாநில அரசு அமைத்த சிலிகா வளர்ச்சி ஆணையம் 2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புதிய வாய் திறந்தது. கடலுக்குப் போகும் தூரம் சுமார் 18 கிலோமீட்டர் குறைந்தது. 1999-2000-ல் சுமார் 1,750 டன்னாக இருந்த மீன்பாடு, இரண்டே வருஷத்தில் 12,000 டன்னை நெருங்கியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. அதே வருஷம் ராம்சார் விருதும் கிடைத்தது.

வாய் வெட்டியதைத்தான் எல்லாரும் படம் பிடிப்பார்கள். மேலே மலைச்சரிவில் வரப்பு போட்டதை யாரும் படம் பிடிப்பதில்லை! மேற்குச் சரிவுகளில் கிராம மக்களே கூடித் திட்டம் போட்டு நீர்வடிப்பகுதி வேலை செய்தார்கள். நம்ம ஊர் நீர்வடிப்பகுதிக் குழுவில் நாம் செய்கிற அதே வேலைதான். சரிவில் ஒரு தட்டு மண் நின்றால், ஏரியில் ஒரு தட்டு மண் குறையும். இதைச் செய்யாமல் வாயை மட்டும் வெட்டினால் திரும்பவும் தூர்ந்துவிடும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இறால் பண்ணைகளால் நிலமும் குடிதண்ணியும் கெடுவதை எதிர்த்து காந்தியவாதி ஜெகந்நாதன் வழக்குத் தொடர்ந்தார். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் நாகப்பட்டினம் பக்கத்துப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலிகா ஏரியிலிருந்தும் நம் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்பதும் அதில் உண்டு.

ஆனாலும் சிலிகாவுக்குள் வலையடைப்புப் போட்டு இறால் வளர்ப்பது அடியோடு நிற்கவில்லை. அகற்ற அகற்ற மறுபடி முளைக்குது. பாரம்பரிய மீனவர்களுக்குத்தான் வலை வீச இடம் குறைகிறது. புவனேஸ்வர் நகரத்துக் கழிவுநீர் தயா ஆற்றில் கலந்து அங்கேதான் போய்ச் சேருகிறது. மணலும் சும்மா இருப்பதில்லை. 2008-ல் இன்னொரு வாய் தானாகவே திறந்துகொண்டது. அதனால் எங்கே எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆழம் என்று இன்றும் தொடர்ந்து அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.