விட வேண்டிய இடத்தில் விடும் கருவி: சால்மன் படகின் இயற்பியல்

பேரங்காடியின் மீன் பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் துண்டு போட்டு வைத்திருக்கும் சால்மனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டுக்கு வரும் சால்மனில் பெரும்பகுதி, கடலில் கட்டிய வலைக் கூண்டுகளில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன். பசிபிக் பெருங்கடலின் மறுகரையிலோ நிலைமை வேறு. கனடாவின் வான்கூவர் தீவை ஒட்டிய குளிர்ந்த கடலில், ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள சிறு படகுகளில் போய், தானாகத் திரியும் சால்மனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள்.

அந்தப் படகுகளின் பின்பக்கத்தில் இரண்டு கருவிகள் கண்ணில் படும். ஒரு சக்கரம், அதிலிருந்து நீளும் ஒரு கரம், கரத்தின் நுனியில் ஒரு கப்பி, கப்பியிலிருந்து தொங்கும் ஒரு கனத்த ஈயக் குண்டு. இதன் பெயர் டவுன்ரிக்கர். தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டு போவதே இதன் வேலை. பார்க்க மிக எளிய கருவிதான். ஆனால் உங்கள் இயற்பியல் பாடநூலின் பாதி அத்தியாயங்கள் இதற்குள் இருக்கின்றன. தவறாகப் பொருத்தினால் படகையே கவிழ்க்கவும் இதனால் முடியும்.

குண்டு எதற்கு?

பசிபிக் சால்மனில் பல இனங்கள் உண்டு. கோஹோ என்ற இனம் பெரும்பாலும் கடலின் மேல்மட்டத்தை ஒட்டி நீந்தும். எல்லாவற்றிலும் பெரிதான சினூக், ஹெர்ரிங் போன்ற சிறு மீன் கூட்டங்களைத் தேடி 20, 30 மீட்டர் ஆழத்துக்குப் போகும். சில வேளைகளில் 60 மீட்டருக்கும் கீழே இருக்கும்.

சால்மன், ஓடும் இரையைத் துரத்தும் மீன். ஆகவே படகை மெதுவாகச் செலுத்தியபடி இரையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வேகம் ஏறத்தாழ 2.5 நாட், அதாவது மணிக்கு 4.6 கிலோமீட்டர். நாம் சற்று விரைந்து நடக்கும் வேகம். இந்த வேகத்தில் இழுத்தால், வெறும் தூண்டில் நரம்பு நீர்ப்பரப்பை நோக்கி மேலெழுந்து விடும். ஆழத்தில் நிற்காது.

நரம்பிலேயே கனமான எடையைக் கட்டினால் என்ன? ஆழம் கிடைக்கும். ஆனால் மீன் சிக்கிய பிறகு, நீங்கள் மீனோடு சேர்த்து அந்த எடையையும் இழுக்க வேண்டும். மீனும் அந்த எடையைச் சுமந்துகொண்டே போராட வேண்டும். டவுன்ரிக்கர் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. குண்டுக்குத் தனி எஃகுக் கம்பி, மீனுக்குத் தனி நரம்பு. இரண்டையும் குண்டுக்கு அருகில் ஒரு சிறிய கிளிப் சேர்த்துப் பிடித்திருக்கும். மீன் இரையைக் கவ்வி இழுத்தவுடன் கிளிப் நரம்பை விட்டுவிடும். அதன் பிறகு மீனுக்கும் மீனவருக்கும் இடையில் நரம்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஏன் ஈயம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான குண்டு 4.5 கிலோகிராம். காற்றில் அதன் எடை சுமார் 44 நியூட்டன். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்பதால், குண்டின் கன அளவு சுமார் 400 கன சென்டிமீட்டர். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின்படி, அது விலக்கும் கடல் நீரின் எடை அளவுக்கு, ஏறத்தாழ 4 நியூட்டன், மேல்நோக்கிய மிதப்பு விசை கிடைக்கும். ஆக, நீருக்குள் மிஞ்சுவது 40 நியூட்டன்.

அதே 4.5 கிலோகிராமில் சிமெண்டுக் கட்டி ஒன்றை இறக்கினால்? அதன் அடர்த்தி சுமார் 2.4 தான். மிதப்பு விசை கிட்டத்தட்ட 19 நியூட்டனாக உயரும். மிஞ்சுவது 25 நியூட்டன். கட்டியும் பெரிது, நீரின் தடையும் அதிகம். சிறிய உருவத்தில் அதிக எடை வேண்டும் என்பதால்தான் ஈயம்.

குண்டை நீரைவிட்டு மேலே தூக்கும் கணத்தில் அந்த 4 நியூட்டன் திரும்பவும் கூடிவிடும் என்பதையும் கவனியுங்கள். அதோடு, அதுவரை நீருக்குள் அடங்கியிருந்த குண்டு காற்றில் ஊசலாகி ஆடத் தொடங்கும். படகின் பக்கத்தில் அது மோதாமல் இருக்கவே கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

எண்காட்டி சொல்வது ஆழம் அல்ல

சக்கரத்தில் ஓர் எண்காட்டி இருக்கும். '30' என்று அது காட்டினால், குண்டு 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பொருளா? இல்லை. 30 மீட்டர் கம்பி வெளியே போயிருக்கிறது என்று மட்டுமே பொருள். படகு நகரும்போது நீர் கம்பியையும் குண்டையும் பின்னோக்கித் தள்ளும். கம்பி சாய்ந்து நிற்கும்.

இந்தத் தள்ளுதலில் பெரும் பங்கு குண்டுடையதா, கம்பியுடையதா? நான் வகுப்பில் கேட்டால், பெரும்பாலோர் 'குண்டு' என்றே சொல்வார்கள். நீரோட்டத்துக்கு எதிரே இரண்டும் காட்டும் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். குண்டின் விட்டம் சுமார் 9 சென்டிமீட்டர். எதிர்ப்பரப்பு 66 சதுர சென்டிமீட்டர். கம்பியின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர்தான். ஆனால் நீளம் 30 மீட்டர். பெருக்கினால் 225 சதுர சென்டிமீட்டர்! மேலும், உருண்டையைச் சுற்றி நீர் வழுகிப் போவதைப் போலக் கம்பியைச் சுற்றி எளிதில் போவதில்லை. ஆகவே 2.5 நாட் வேகத்தில் குண்டின் மீது 3 நியூட்டனுக்கும் குறைவான தடையே விழ, கம்பியின் மீது 20 நியூட்டனை ஒட்டிய தடை விழுகிறது. கண்ணுக்கு மெலிந்த கம்பிதான் உண்மையில் பெரிய 'பாய்மரம்'.

நீர்மட்டத்தில் கம்பி செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி நேர்க்கோடாக இருந்தால், ஆழம் 30 × கொசைன் 30 பாகை, அதாவது 26 மீட்டர். ஆனால் கம்பி நேர்க்கோடல்ல. அடியில் குண்டுக்கு அருகில் ஏறத்தாழ செங்குத்தாகவும், மேலே வர வர அதிகம் சாய்ந்தும் வளைந்து நிற்கும். எனவே உண்மையான ஆழம் 26 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் இடையில் இருக்கும்.

நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2 நாட்டிலிருந்து 3 நாட்டுக்கு வேகத்தை உயர்த்தினால், தடை 2.25 மடங்காகும். குண்டு மேலெழும். மீன் இருந்த ஆழத்தை இரை தாண்டிவிடும். பழகிய மீனவர்கள் எண்காட்டியைவிடக் கம்பியின் சாய்வைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

படகில் எங்கே, எப்படிப் பொருத்துவது?

சிறு படகில் டவுன்ரிக்கர்களைப் பின்பக்க மூலைகளில், பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்துவது வழக்கம். கண்ணாடியிழைப் படகின் விளிம்பு மெல்லியது. அதில் நான்கு திருகாணிகளை மட்டும் முடுக்கினால், விசை முழுவதும் அந்த நான்கு சிறு துளைகளைச் சுற்றியே விழும். அதனால் விளிம்பின் அடிப்பக்கத்தில் அகலமான உலோகத் தகடு ஒன்றை வைத்து முடுக்குவார்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும்.

கடல் நீர் ஒரு மின்பகுளி. எஃகுக் கம்பியும் அலுமினியப் பாகங்களும் ஒரே நீரில் நனைந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கப் படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் தான் அரிந்து, மற்றவற்றைக் காக்கும். கரைந்துபோன கட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

படகைத் திருப்பும்போதும் கவனம் தேவை. சட்டென்று வளைத்தால், உட்பக்கத்துக் கம்பி படகின் அடியில் நுழைந்து இயந்திரத்தின் சுழல்விசிறியில் சுற்றிக்கொள்ளும். எனவே பெரிய வட்டமாகத் திருப்ப வேண்டும்.

பாறையில் சிக்கினால்?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. கடலடி மேடாகும் இடத்தில் குண்டு பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளலாம். படகோ நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதுவரை 40 நியூட்டனைச் சுமந்த கம்பி, இப்போது கடலடியோடு கட்டிய நங்கூரக் கயிறாகிவிடுகிறது. அதுவும் படகின் பின் மூலையில்!

வழக்கமான எஃகுக் கம்பி அறுபட சுமார் 670 நியூட்டன் விசை வேண்டும். 68 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆள் படகின் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்குவதற்கு அது சமம். அலை வரும்போது படகு மேலெழ முயலும். பின்பக்கத்தைக் கம்பி எழவிடாது. பின்பலகையைத் தாண்டி நீர் உள்ளே புகும். நீர் புகப் புகப் பின்பக்கம் மேலும் தாழும். அடுத்த அலைக்கு வழி இன்னும் எளிதாகும்.

நம் கடல் நீர் வெதுவெதுப்பானது. அந்தக் கடலின் வெப்பநிலையோ 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது. குளிர்நீர் ஆய்வாளரான கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை மூன்று எண்களில் நினைவில் வைக்கச் சொல்கிறார்: 1, 10, 1. குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கை கால்கள் பயன்படும் நேரம் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே வைப்பது உயிர்க்காப்பு அங்கிதான். அது படகில் இருந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும்.

ஆகவே சக்கரத்தில் ஒரு கிளட்ச் இருக்கிறது. குண்டைத் தூக்கத் தேவையான விசையைவிடச் சற்றே அதிகத்தில் அது வழுக்கும்படி வைத்துக்கொள்வார்கள். குண்டு சிக்கினால் கம்பி அறுபடுவதற்கும், படகு தாழ்வதற்கும் வெகு முன்பே சக்கரம் சுழன்று கம்பியை விட்டுக்கொடுக்கும். அந்த இடைவெளியில் படகைத் திருப்பி, குண்டு சிக்கிய இடத்துக்கு நேர்மேலே வந்து தூக்கினால் பெரும்பாலும் விடுபடும். விடுபடவில்லை என்றால், கைக்கெட்டும் தூரத்தில் கம்பி வெட்டும் கத்தரி இருக்க வேண்டும். குண்டு போனால் போகட்டும் என்று வெட்டிவிட வேண்டும். எந்த நிலையிலும் கம்பியைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது.

கிளிப்புக்கும் ஒரு கடமை

கிளிப்பின் பிடியையும் இதே கவனத்தோடு சரிசெய்ய வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் நீரின் தடைக்கே நரம்பு கழன்றுவிடும். மிக இறுக்கமாக இருந்தால், சிறு மீன் கவ்வினாலும் கிளிப் விடாது. மேலே தூண்டிற்கோல் அசையாது, மீனவருக்கும் தெரியாது. வளர வேண்டிய ஒரு குட்டி சால்மன் நெடுநேரம் ஆழத்தில் இழுபட்டுச் செத்துப்போகும்.

இது சிறிய விஷயமல்ல. அந்தக் கடலின் தெற்குப் பகுதியில் வாழும் ஓர் ஓர்கா திமிங்கிலக் கூட்டத்துக்குச் சினூக் சால்மனே முதன்மை உணவு. அந்தக் கூட்டத்தில் இன்று 80க்கும் குறைவான ஓர்காக்களே இருக்கின்றன. சினூக் குறைந்தால் அவையும் குறையும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலில் சால்மன் பிடிப்பவர்கள், மறுமுள் இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். எடுத்துச் செல்லக் கூடாத மீனைக் காயம் அதிகமில்லாமல் திரும்ப விட அது உதவும்.

கிளிப், கிளட்ச், கத்தரி, மறுமுள் இல்லாத முள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நான்குமே பிடித்ததை விடுவதற்காக இருப்பவை. நல்ல கருவி என்றால் இறுகப் பிடிக்கும் கருவி என்று நாம் நினைக்கிறோம். எந்த விசையில், எந்த இடத்தில் விட வேண்டும் என்பதையும் கணக்கிட்டுச் செய்ததே நல்ல கருவி.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் தையல் நூலின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் முழுவதும் காற்று படும்படி நிற்கும் மின்விசிறியை எதிரே வைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். நூலின் மேல்முனையில் சாய்வைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நூலுக்குப் பதில் அதே நீளத்துக்கு ராஃபியா கயிற்றைக் கட்டி, அதே நட்டோடு மீண்டும் அளந்து பாருங்கள். பிறகு விசிறியின் வேகத்தைக் கூட்டுங்கள். எடை மாறவில்லை, சாய்வு மட்டும் ஏன் மாறுகிறது? கயிறு நேராக நிற்கிறதா, வளைகிறதா? விடையை உங்கள் நோட்டில் ஒரு விசை வரைபடமாக வரைந்து, அடுத்த அறிவியல் பாடத்தில் ஆசிரியரிடம் காட்டுங்கள்.