எந்த வயர் எந்த மெஷினுக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது, பட்டறைக்காரர்களால் லேத்தைத் தூக்க முடியவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கினார்கள். வயர்களைப் பிடுங்கிப் போட்டு, சர்வரை மேஜைமேல் ஏற்றி, நெட்வொர்க் ஸ்விட்சைப் பீரோமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வேலை. நான் ஆவடிக்காரன். 1964-ல் அமைந்த இந்தப் பேட்டையின் சின்னச் சின்ன யூனிட்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன்.

உள்ளே போனால் எல்லாமே நீல வயர். லேபிள்கள் ஊறி மை கரைந்திருந்தன. "தம்பி, எதை வேணா பிடுங்கு, பில் போடுற மெஷினை மட்டும் தொட்டுடாதே" என்றார் ஒரு சூப்பர்வைசர். "அது எந்த வயருண்ணே?" "அது தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடுறேன்?"

வயர் தேட எங்களிடம் பழைய வழிகள் உண்டு. ஒரு முனையில் சத்தம் அனுப்பும் டோனர் கருவியை மாட்டி, மறுமுனைகளில் சத்தம் தேடிக்கொண்டே போகலாம். இல்லையென்றால் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காது கொடுக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரே தன் பெயரைச் சொல்லிவிட்டால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? அதற்கான முறைதான் எல்.எல்.டி.பி. சிஸ்கோ 1994-லேயே தன் கருவிகளுக்கென்று சி.டி.பி. என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டது. எந்தக் கம்பெனிக் கருவிக்கும் பொதுவாக, ஐ.இ.இ.இ. அமைப்பு 2005-ல் எல்.எல்.டி.பி.யைத் தரப்படுத்தியது.

வேலை எளிது. சர்வர் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தகவலை வயரில் விடும். என் அடையாளம் இது, நான் பேசும் போர்ட் இது, இந்தத் தகவலை 120 நொடி வைத்துக்கொள்: இந்த மூன்றும் கட்டாயம். பெயர், ஆபரேட்டிங் சிஸ்டம், ஐ.பி. முகவரி எல்லாம் விருப்பம்போல் சேர்க்கலாம். ஸ்விட்சும் அதேபோல் சர்வருக்குச் சொல்லும். யாரும் யாரையும் கேட்பதில்லை, பதில் சொல்வதும் இல்லை. அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்கிற குரல் இது. ஸ்விட்ச் அதை வாங்கிக் குறித்துக்கொள்ளும், தாண்டி அனுப்பாது. 120 நொடிக்குள் மறுபடி தகவல் வராவிட்டால் அந்தப் பெயரை அழித்துவிடும். அதனால்தான் எக்செல் பட்டியலைவிட இதை நம்புகிறேன். போன வருஷம் எழுதிய பட்டியல், போன வருஷ நிலவரத்தைத்தான் சொல்லும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இதற்கு ஐ.பி. முகவரியே வேண்டாம். முகவரி தப்பாகப் போட்டு, பிங் எதற்கும் அசையாத சர்வர்கூட, எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

லினக்ஸ் சர்வரில் எல்.எல்.டி.பி.டி. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் போதும். எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த வின்சென்ட் பெர்னா. பிறகு ஒரே கட்டளையில் எதிர்முனை ஸ்விட்சின் பெயரும் போர்ட் எண்ணும் வரும்.

ஏற்றியும் எதுவும் வரவில்லையா? இன்டெல் எக்ஸ்710 வகை நெட்வொர்க் கார்டாக இருக்கிறதா பாருங்கள். அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு எல்.எல்.டி.பி. இயங்கி, வருகிற தகவலை லினக்ஸ் கண்ணில் படாமல் விழுங்கிவிடும். அதை அணைத்தால்தான் வழிக்கு வரும். இன்னொரு வில்லன், மேஜைக்கடியில் யாரோ வாங்கிப் போட்ட ஐந்து போர்ட் ஸ்விட்ச். இந்த மலிவு ரகங்களில் பல, இந்தத் தகவலைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாமல் அப்படியே கடத்திவிடும். பெரிய ஸ்விட்சின் ஒரே போர்ட்டில் இரண்டு மூன்று பெயர்கள் தெரிந்தால், நடுவில் ஒன்று ஒளிந்திருக்கிறதோ என்று முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

இது டேட்டா சென்டர்களுக்கான விஷயம் என்று சின்ன யூனிட் முதலாளிகள் நினைக்கிறார்கள். அங்கே வயருக்குப் பொறுப்பாக ஆள் இருக்கிறார். இங்கே அக்கவுன்டன்ட்தான் எல்லாமே. பேசும் சர்வர் இங்கேதான் அதிகம் தேவை. மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கியிருப்பார்கள், எல்.எல்.டி.பி.யை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தக் குரலுக்குப் பூட்டு கிடையாது. வயரில் வந்து மாட்டிக்கொள்ளும் யாருக்கும் கேட்கும். 2020-ல் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், சிஸ்கோ கருவிகள் இதேபோன்ற சி.டி.பி. தகவலைப் படிக்கும் விதத்தில் ஐந்து ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. ஆகவே பிராட்பேண்ட்காரர் பக்கம் போகும் போர்ட்டிலும், ரிசப்ஷனில் விருந்தாளிகள் லேப்டாப் மாட்டும் போர்ட்டிலும் இதை அணைத்துவிடுவேன். உள்ளே இருக்கும் சர்வர்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பதிப்பு எண்ணை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் விடுவேன். வயர் தேட அது போதும்.