மிளகாய் கறுத்தது யாரால்?

வன்னிக் கிராமமொன்றில் பெண்கள் சங்கத்தினர் நடத்தும் மிளகாய் உலர்த்தும் அறையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிணக்கு எழுந்தது. முற்றத்தில் பரப்பிய பழமிளகாய் ஒரு மழைக்கே பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே விறகடுப்பில் சூடாக்கிய காற்றை அறைக்குள் செலுத்தி, 60 பாகை செல்சியஸ் அளவில் இரவு பகலாக உலர்த்தி வந்தார்கள். இரவில் அடுப்பைக் கவனித்தவர் ஒரு முதியவர். பகலில் கணவனை இழந்த ஒரு சகோதரி.

தட்டுகளின் நடுவே வெப்பவிணைகளை வைத்து, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் பதிகருவி ஒன்றையும் பொருத்தியிருந்தோம். மூன்று நாட்களின் பதிவை எடுத்துப் பார்த்தபோது இரவெல்லாம் கோடு 60 இல் நேராக நின்றது. காலை எட்டு மணிக்குப் பின் சரியத் தொடங்கி, 44 வரை இறங்கி, பின் எழும்பியது. தட்டுகளிலோ மிளகாய் கறுத்துக் கிடந்தது. நெருப்பை அணையவிட்டுப் பின் பதறிப்போய் விறகைத் தள்ளியிருக்கிறார் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. அவருடைய நாட்கூலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள்.

“பாதர், நான் அடுப்படியை விட்டு எழும்பேல்லை. மெசின் குறையக் காட்டினபடியால்தான் விறகு போட்டனான்” என்றார் அவர். கடதாசியில் கோடு இருக்கும்போது வாய்ச்சொல் எடுபடுமா? நானும் அன்று கோட்டைத்தான் நம்பினேன்.

எனினும் ஒரு விடயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரத்தில் மப்பும் மந்தாரமுமாக இருந்த ஒரு நாளில் மட்டும் பகற்கோடு சரியவில்லை. அன்றும் அடுப்படியில் இருந்தவர் அவரேதான்.

வெப்பவிணையைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நொறுக்கிய ஐஸ்கட்டியைத் தண்ணீரோடு கலந்தால் 0 பாகை. கொதிக்கும் தண்ணீர், எங்கள் சமவெளியில், ஏறக்குறைய 100 பாகை. (நுவரெலியாவில் இருப்போர் 94 என்று கொள்ளவும்.) அதிகாலையில் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பவிணையின் முனையை அமிழ்த்தினேன்; 99 காட்டியது. குறையில்லை என்று திரும்பியிருப்பேன். நண்பகலில் இன்னொருமுறை பார்த்துவிடுவோம் என்று அதையே செய்தபோது 84 காட்டியது! கொதிக்கும் தண்ணீர் நண்பகலில் ஆறிவிடுவதில்லை.

இங்கே இக்கருவியின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்து, அம்முனைக்கும் மறுமுனைக்கும் வெப்பநிலை வேறுபட்டால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். பேர்லினில் ஆய்வு நடத்திய சீபெக் 1821 இல் இதைக் கண்டார். காந்த ஊசி அசைந்ததால், அவரே இதைக் காந்த விளைவென்றுதான் எண்ணினார். பெரும்பாலும் வழக்கிலுள்ள கே வகைக் கம்பிகளில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ற்று மட்டுமே கிடைக்கிறது. ரோச் பற்றரி ஒன்றின் 1.5 வோல்ற்றில் 36,000 இல் ஒரு பங்கு. முக்கியமானது யாதெனில், வெப்பவிணை சூட்டை அளப்பதில்லை. இரு முனைகளின் சூட்டு வேறுபாட்டையே அளக்கிறது. பதிகருவி தன் முனைவிடங்களின் வெப்பநிலையைத் தனியே அறிந்து, அதனோடு கூட்டித்தான் நமக்கு எண்ணைக் காட்டுகிறது.

அறையின் தகரச் சுவரில் ஓர் இணைப்புப் பெட்டி இருந்தது. வெப்பவிணைக் கம்பி அதுவரைதான் வந்தது. அங்கிருந்து அலுவலக அறையிலிருந்த பதிகருவிவரை சாதாரண செப்புக் கம்பி. விலை குறைவென்று அதை வாங்கிப் போட்டவன் நானே. செப்புக்கு மாறிய இடத்திலேயே வெப்பவிணை முடிந்துவிடுகிறது. வெயில் ஏறப் பெட்டி 46 பாகைக்குச் சூடாகியது. பதிகருவியோ நிழலில் 30 இல் இருந்தது. 60 இலிருந்து 46 போக 14. அதனோடு 30 ஐக் கூட்ட 44. இரவிலும் மந்தாரமான நாளிலும் பெட்டியும் பதிகருவியும் ஒரே சூட்டில் இருந்ததால் எண் சரியாக வந்தது. கருவி 60 காட்டும்வரை அந்தச் சகோதரி விறகு போட்டபோது, உள்ளே 76 ஆகியிருந்தது. மிளகாய் கறுக்காமல் என்ன செய்யும்?

கே வகைக்குரிய நீட்டிப்புக் கம்பி வாங்கும்வரை, பதிகருவியையும் பெட்டியையும் நிழலில் அருகருகே வைத்துச் சமாளித்தோம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இடையிலுள்ள செம்பு தீங்கு செய்யாது.

வேறு கோளாறுகளும் உண்டு. சூடேற்ற எண் இறங்கினால் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டுள்ளன. அமெரிக்க முறையில் சிவப்பே எதிர்க்கம்பி என்பதால் நம் மின்வேலையாளர் எளிதில் ஏமாறுவர். சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். நிறம் அழிந்திருந்தால் காந்தத்தைக் கிட்டப் பிடியுங்கள்: கே வகையில் எதிர்க்கம்பியே காந்தத்தில் ஒட்டும். பதிகருவியில் வகையை ஜே என்று தவறாக அமைத்திருந்தால் 60 பாகை 53, 54 ஆகக் குறைந்து தெரியும். எண் துள்ளிக்கொண்டிருந்தால் காற்றாடி மோட்டாரை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கருவாடு உலர்த்துவோர் உப்பு நீரில் நனைந்த கம்பியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அந்த ஈரமே சிறு பற்றரிபோல் மின்னழுத்தம் தரக்கூடியது. எதைச் சோதித்தாலும் காலையில் ஒருமுறையும் வெயில் உச்சியில் ஒருமுறையும் சோதியுங்கள்.

அந்த மூன்று நாட்களின் பகற்பதிவைத் திருத்த வழியில்லை. பெட்டியின் சூட்டை அப்போது எவரும் குறித்து வைக்கவில்லை. அவற்றைச் சிவப்பு மையால் வெட்டினோம். அடுத்த கூட்டத்தில், செப்புக் கம்பியை வாங்கியவன் நான் என்று எழுந்து சொன்னேன். கூலி முழுவதும் கொடுக்கப்பட்டது. அவர் அதை எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, என்னோடு ஒன்றும் பேசாமலே அடுப்படிக்குப் போனார்.