மண் தந்த மருந்து

மழை விழுந்ததும் மண் மணக்கிறதல்லவா? அந்த மணத்துக்கு முக்கிய காரணம், மண்ணில் வாழும் ஸ்ரெப்டோமைசிஸ் எனும் பற்றீரியாக்கள். நாம் விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலவற்றைத் தந்தவையும் இவையே.

வெள்ளவத்தையில் நான் மருந்து வாங்கும் பாமசியில், டொக்டரின் துண்டு இல்லாமலே, "போன முறை தந்த குளிசையில நாலு தாங்கோ" என்று கேட்கும் சகோதரிகளை அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1923இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். இன்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரப்படும் போலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய குழுவே.

அங்கு பணியாற்றிய பெஞ்சமின் டகர், எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர். பல இடங்களிலிருந்து மண் வரவழைத்து ஆராய்ந்தார். இத்தகைய தேடலில் மண்ணை நீரில் கரைத்து, ஐதாக்கி, ஏகார் கூழின்மேல் பரப்புவார்கள். முளைக்கும் பற்றீரியாக் கூட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து, நோய்க்கிருமிகளின் அருகே வளர்ப்பார்கள். எதைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்றிடம் தோன்றுகிறதோ, அது மருந்துப் பொருளைச் சுரக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்க வேண்டும். ஏற்கெனவே அறிந்ததா, உடலுக்கு நஞ்சா என்றும் சோதிக்க வேண்டும். பெரும்பாலானவை இந்தச் சோதனைகளில் தேறுவதில்லை.

மிசூரிப் பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயல் மண்ணில் கிடைத்த ஒன்று தேறியது. அது தந்த பொன்னிற மருந்தே 1948இல் அறிவிக்கப்பட்ட ஓரியோமைசின். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. அதே ஆண்டு ஓகஸ்டில், 53ஆவது வயதில், சுப்பாராவ் காலமானார்.

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, வயலில் இறங்கும் நம் விவசாயிகளுக்குச் சுகாதாரத் துறையினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சகோதரிகளே, தேவையில்லாமல் இம்மருந்துகளைப் பாவிக்கும் ஒவ்வொரு முறையும், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருக நாமே இடம் கொடுக்கிறோம். தடிமனுக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இவை உதவா. ஒருவருக்குத் தந்ததை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுங்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் டொக்டரைக் கேளாமல் எதையும் எடுக்கக் கூடாது.

புதிய மருந்தொன்றைக் கண்டெடுக்க ஆண்டுகள் பல செல்லும். கையில் உள்ளதைக் காப்பது நம் பொறுப்பு.