மஞ்சள் கடுதாசியும் விண்ணப்பப் படிவமும்

ஊரில் நடத்திய தொழில் நொடித்து, கடன்காரர்களுக்கு ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்துவிட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சபையில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் வீட்டுக் கடனுக்கோ வேலைக்கோ படிவம் நிரப்பும் நாளில் அந்தக் கேள்வி எதிரே வந்து நிற்கிறது: சொல்வதா, மறைப்பதா?

ஐ.பி. மனு தாக்கல் செய்தவுடன் கடன் தொலைந்தது என்று அநேகர் எண்ணுகிறார்கள். அது தவறு. நீதிமன்றம் முதலில் ஒருவரை நொடித்தவர் என்று அறிவிக்கும். அதன்பின் அவர் குறித்த காலத்திற்குள் விடுதலை உத்தரவுக்கு மனு செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அந்த அறிவிப்பே ரத்தாகலாம். மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களில் 1909 ஆம் ஆண்டுச் சட்டமும், பிற இடங்களில் 1920 ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் தனிநபர்களுக்குப் பொருந்துகின்றன. விடுதலை பெறாத ஒருவர் தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கின்றன இவ்விரு சட்டங்களும். அந்நாளில் 50 ரூபாய் பெருந்தொகை. இன்றோ மளிகைக் கடைக் கணக்கே அதைத் தாண்டிவிடும்! ஆகவே விடுதலை உத்தரவு கையில் இல்லாதவருக்கு இக்கேள்வியில் தெரிவு ஏதுமில்லை. சொல்லியே ஆக வேண்டும்.

நகரத்தில் இதைவிட மிகுதியாகக் காண்பது கிரெடிட் கார்டு ‘செட்டில்மெண்ட்’. ஒரு லட்சம் பாக்கிக்கு நாற்பதாயிரம் கட்டச் சொல்லி வங்கி கடிதம் தருகிறது. நாமும் முடிந்தது என்று நிம்மதியடைகிறோம். சிபில் அறிக்கையிலோ அது ‘குளோஸ்டு’ அல்ல, ‘செட்டில்டு’. இத்தகைய விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கின்றன. நீங்கள் எழுதாவிட்டாலும் வங்கி மேலாளர் அதைத் தம் மேசையில் பார்த்துவிடுவார். எனவே விண்ணப்பிக்குமுன் நீங்களே பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை இருந்து, முறையிட்டு 30 நாட்களில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். மீதிப் பணத்தைக் கட்ட இயலுமானால் கட்டி, பாக்கியில்லைச் சான்று பெற்று, பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.

வேலை விஷயம் வேறு. பெரும்பாலான தனியார் படிவங்களில் இக்கேள்வியே இராது. கேளாததை வலிய எழுதிக் கொடுப்பது நேர்மையின் கடமையன்று என்றே நான் கருதுகிறேன். வங்கி வேலை அப்படியல்ல. கடன் தவணை தவறியவர்களும், பாதகமான சிபில் அறிக்கை உள்ளவர்களும் நியமனத்திற்குத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆட்சேர்ப்பு விளம்பரங்கள் அறிவித்திருக்கின்றன. இந்த நிபந்தனையின்பேரில் ஒருவருடைய நியமனம் ரத்தானபோது, எல்லாக் கடனையும் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும், 2025 இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவையே உறுதி செய்தது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை இன்றே பேசுங்கள். நண்பனுக்காக வாங்கிக் கொடுத்த கைப்பேசித் தவணையும் பிள்ளையின் பெயரிலேயே நிற்கும்.

கேட்கும் இடத்தில் இரண்டே வரிகள் போதும்: எந்த ஆண்டு, எவ்வளவு, எதனால், இப்போது என்ன நிலை. குடும்பக் கதை வேண்டாம். விடுதலை உத்தரவின் நகலை இணையுங்கள். அது தொலைந்திருந்தால், மனுவின் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை ஊருக்குப் போகையில் அதே நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.