மரக்காணத்து உப்புப் பாத்திகள்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், வடகிழக்குப் பருவமழை மூழ்கடித்து வேலை நின்றுபோன உப்புப் பாத்திகளையன்றி இப்படத்தில் வேறெதுவுமில்லை. மனச்சோர்வின் பிரதான லட்சணங்களுள் ஒன்று எதிலும் நாட்டமற்றுப்போதல் என மருத்துவர் கூறுவராதலின், அதனை உணர்த்த அழுத முகத்தைவிட இம்மங்கிய நீர்ப்பரப்பே தகுதியுடையதென்பது எம் அபிப்பிராயம்.

முகத்தையே நம்பியவரும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே மனநோய் விடுதி மருத்துவர் ஹ்யூ டயமண்ட், தம் பெண் நோயாளிகளைப் புகைப்படமெடுத்து, முகத்தைக் கொண்டே சித்தத்தின் நிலையை அறியலாமென்று 1856இல் லண்டன் ராயல் சங்கத்தாரிடம் வாதித்ததோடு, அப்படங்களை அந்நோயாளிகளிடமே காட்டுவது சிகிச்சையாகுமென்றும் கருதினார். நம் நாட்டுச் சோராப் ஹூராவோ, மனச்சிதைவு நோயுற்ற தம் தாயோடு வாழ்ந்த காலத்தை 2015இல் புகைப்பட நூலாக்கியபோது, அவ்வம்மையாரின் நாய்க்கும் தாராளமாக இடமளித்தார்.