‘ஒன்லி’ எங்கே நிற்க வேண்டும்?

காந்தி மார்க்கெட் மண்டியானாலும் சரி, ஸ்ரீரங்கத்து வீதிகளில் உள்ள மளிகைக் கடையானாலும் சரி, நமது வியாபாரம் தமிழோடு முடிந்துவிடுவதில்லை. மிளகாய்க்குக் குண்டூர், துவரைக்குக் குல்பர்கா என்று வெளிமாநிலத்துடன் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நமக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவில் ஆங்கிலம் நிற்கிறது. கடிதமோ, மின்னஞ்சலோ, வாட்ஸ்அப் செய்தியோ, நாலு வரி எழுதாமல் தீராது.

சரக்கின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினாலும் எதிராளி புரிந்துகொள்வார். ஆனால் ஒன்லி, நியர்லி, ஹார்ட்லி, டூ போன்ற சின்னச் சொற்கள் அப்படியல்ல. ஆங்கில இலக்கணத்தில் இவற்றை ‘அட்வெர்ப்’ என்பார்கள். இவை இடம் மாறினால் பொருள் மாறிவிடும். பொருள் மாறினால் கணக்கும் மாறும்.

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. ‘மட்டும்’, ‘தான்’, ‘ஏ’ ஆகியவை எந்தச் சொல்லைக் குறிக்கின்றனவோ அந்தச் சொல்லின் பின்னாலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வாக்கியத்தில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். ஆகவே நாம்தான் அதை உரிய இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கீழே உள்ள மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்:

‘ஒன்லி வீ சப்ளை ரைஸ் டு ஹோட்டல்ஸ்’ – ஓட்டல்களுக்கு அரிசி கொடுப்பது நாங்கள் மட்டும்தான். வேறு யாரும் இல்லை.
‘வீ சப்ளை ஒன்லி ரைஸ் டு ஹோட்டல்ஸ்’ – ஓட்டல்களுக்கு அரிசி மட்டுமே கொடுக்கிறோம். பருப்பு, எண்ணெய் கிடையாது.
‘வீ சப்ளை ரைஸ் ஒன்லி டு ஹோட்டல்ஸ்’ – ஓட்டல்களுக்கு மட்டுமே அரிசி கொடுக்கிறோம். சில்லறைக் கடைகளுக்கு இல்லை.

சொற்கள் ஒன்றுதான், ‘ஒன்லி’ நின்ற இடம்தான் வேறு. எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்த வேண்டுமோ, அதற்கு நேர் முன்னால் வைப்பதே பாதுகாப்பான முறை.

‘நியர்லி’க்கும் இதே விதி. ‘வீ சோல்ட் நியர்லி 50 பேக்ஸ்’ என்றால் ஏறக்குறைய 50 மூட்டை விற்றோம் என்று பொருள். ‘வீ நியர்லி சோல்ட் 50 பேக்ஸ்’ என்று எழுதினால், விற்கும் நிலைக்கு வந்து விற்காமல் போனதாகவும் படிக்கலாம். கமிஷன் கணக்கில் இது சிறிய வித்தியாசமா?

அடுத்தது, வாக்கியக் கடைசியில் ‘ஒன்லி’ போடும் நம் பழக்கம். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்கள் சொல்லப்பட்டுள்ளன. உறுதிப்படுத்துவது தேற்றம், கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. ஆங்கில ‘ஒன்லி’ பிரிநிலைக்கு உரியது. நாமோ அதைத் தேற்றத்துக்கும் இழுக்கிறோம். ‘நேற்றே பணம் கட்டிவிட்டோம்’ என்ற எண்ணத்தில் ‘வீ பெய்ட் யெஸ்டர்டே ஒன்லி’ என்று எழுதினால், ‘நேற்றுதான் கட்டினார்கள், அதுவரை கட்டவில்லை’ என்று எதிராளி படிப்பார். நாம் நாணயத்தைச் சொல்லப் போய்த் தாமதத்தைச் சொன்னதாக முடியும். ‘வீ பெய்ட் யெஸ்டர்டே’ என்றாலே போதும்.

வேறு சில சொற்களிலும் கவனம் தேவை.

வெரி, டூ: ‘தி சில்லிஸ் ஆர் வெரி ட்ரை’ என்றால் மிளகாய் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ‘டூ ட்ரை’ என்றால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. முன்னது பாராட்டு, பின்னது புகார்.

லிட்டில், எ லிட்டில்: ‘எ லிட்டில் டேமேஜ்ட்’ என்றால் கொஞ்சம் சேதம். ‘எ’ விட்டுப்போனால் சேதம் அநேகமாக இல்லை என்றாகிவிடும். நஷ்ட ஈடு கேட்டு எழுதும் கடிதத்தில் இந்த ஓர் எழுத்து முக்கியம்.

ஹார்ட், ஹார்ட்லி: ‘வீ ட்ரைடு ஹார்ட்’ என்றால் கடுமையாக முயன்றோம். ‘வீ ஹார்ட்லி ட்ரைடு’ என்றால் முயற்சியே செய்யவில்லை என்பது போல. ஏஜென்சி கேட்டு எழுதும்போது எது எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

இனி, ‘ஒன்லி’ கடைசியில்தான் நிற்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. அது காசோலை. ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று தமிழில் எழுதுவதும், ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்று முடிப்பதும் ஒரே காரணத்துக்காக. தொகைக்குப் பின்னால் வேறொருவர் ஒரு சொல் சேர்த்துத் தொகையைக் கூட்டிவிடாதபடி கதவைச் சாத்துகிறோம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவின்படி, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால், எழுத்தால் எழுதியதே செல்லும். ஆகவே எழுத்து வரியில் இடைவெளி விடாமல், ‘ஒன்லி’க்குப் பின் ஒரு கோடும் இழுத்துவிடுவது நல்லது.

வணிகப் பெருமக்கள் ஒரு சிறு பழக்கத்தை மேற்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதியதை அனுப்பும் முன், மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மட்டும்’ எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ, ‘ஒன்லி’ அதற்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் ‘நியர்லி’யை விட்டுவிட்டு 47 மூட்டை என்று எண்ணையே எழுதுங்கள். தராசு முள்ளைப் பார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லை. கடிதத்தில் இந்தச் சின்னச் சொற்கள்தான் முள்.